லாண்டரி நம்பரிலிருந்து போன செய்தி

லாண்டரியக்காவின் கடைப் போனிலிருந்து பதினோரு வருஷமாக ஒரே ஒரு செய்திதான் போய்க்கொண்டிருந்தது. 'துணி ரெடி.' முன்னால் ஒரு வணக்கம் கிடையாது, பின்னால் ஒரு பூப்படம் கிடையாது. ரெடி என்று வந்தால் ரெடிதான். அதை நம்பிக் கடைக்கு வந்த ஒருவர்கூட "இன்னும் பத்து நிமிஷம்" என்கிற பேச்சைக் கேட்டதில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டு நம்பர் அந்தப் போனில் இருந்தது. ஊரில் பாதிப் பேருக்குச் சொந்த அண்ணன் தம்பி அனுப்புகிற செய்தியைவிட இதன்மேல் நம்பிக்கை அதிகம்.

அந்தப் போனில்தான் அவள் கை வைத்தாள். மற்றத் தப்பெல்லாம் அதற்குப் பிறகு வரிசை கட்டிக்கொண்டு வந்தவை.

கடை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த சந்தில். முன்பக்கம் பலகை, அதன் பின்னால் இரண்டு சலவை மெஷின், ஒரு உலர்த்தும் டிரம், மூலையில் இஸ்திரி மேசை. மழைக்காலத்தில் கூரைக்கடியில் கட்டிய கம்பிகளில் ஊர்த் துணியெல்லாம் தொங்கும். அதற்குள் குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டும். வருகிற ஒவ்வொரு துணியிலும் அவள் எண் போட்ட சின்னத் துணிச்சீட்டு ஒன்றைக் குத்துவாள். ஒரு வீட்டுக்கு ஒரு எண். யார் வீட்டுச் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை என்பதுவரை அவளுக்கு மனப்பாடம். அவள் புருஷன் இஸ்திரி போடுவான். வாயைத் திறந்தால் துணி கசங்கிவிடும் என்று நினைக்கிற ஆள். ஏழு கிலோ பெட்டியைப் பதினோரு வருஷம் இழுத்து இழுத்து வலது தோள் போய்விட்டிருந்தது. சாப்பிடும்போது தட்டை இடது பக்கம் தள்ளி வைத்துக்கொள்வான். கேட்டால், "பழக்கம்" என்பான்.

இந்தத் தோளைக் காட்டித்தான் நாத்தனார் உள்ளே வந்தாள்.

நாத்தனாருக்குக் குடும்பத்தில் மைக்செட் என்று பேர். அண்ணன் பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசப் பிறந்தவள். போன வருஷக் கடைசியில் கையில் புதுப் போனும் கண்ணில் புது மையுமாக வந்து பலகையில் சாய்ந்து நின்றாள்.

"அண்ணி, இது அன்பளிப்பு வட்டம். நீங்க ஒருத்தருக்கு ஐயாயிரம் அன்பளிப்பாக் குடுக்கறீங்க. அப்புறம் எட்டுப் பேரைக் கூட்டிட்டு வர்றீங்க. எட்டுப் பேரும் உங்களுக்குக் குடுப்பாங்க. அவங்கவங்க எட்டெட்டுப் பேரைக் கூட்டிட்டு வருவாங்க. யாருக்கும் நஷ்டம் இல்ல. நாற்பதாயிரம். அண்ணனுக்கு அந்த நீராவி மெஷின் வாங்கிப் போடலாம். எத்தன நாளைக்கு இப்படித் தட்டைத் தள்ளி வெச்சுத் திம்பான்?"

"யாருக்குக் குடுக்கணும் முதல்ல?"

"எனக்குத்தான். நானே ஆரம்பிச்சு வெக்கறேன், வெளியாளா?"

கொடுத்தாள். எட்டுப் பேரைச் சேர்ப்பதில்தான் மாட்டிக்கொண்டாள். சொந்தப் போனிலிருந்து இருபது உறவுக்காரர்களுக்கு அனுப்பினாள். பத்தொன்பது பேர் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். ஒரு சித்தப்பா மட்டும், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருந்தார். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆன்லைன்ல எல்லாரும் செய்யற தப்பையே நீங்களும் செய்யறீங்க. பணம் போடுன்னு எழுதலாமா? அன்பளிப்புன்னு எழுதுங்க. லாபம்னு சொல்லக் கூடாது, பகிர்வுன்னு சொல்லணும். கேள்வி கேக்கற ஆளை விட்டுடணும், அவன் பின்னால போனா நம்ம மூடு போயிடும். இன்னொண்ணு, உங்கள நம்பாதவங்ககிட்ட எதுக்குப் போறீங்க? கடை நம்பர்ல அனுப்புங்க. அந்த நம்பர் தங்கம் அண்ணி."

மறுநாள் காலை, ஒரு மெஷின் சுற்றி முடிவதற்கும் அடுத்ததைப் போடுவதற்கும் நடுவில், லாண்டரியக்கா கடை நம்பரிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினாள். மூன்றே வாரத்தில் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். மெஷினும் வந்தது. பழசுதான், ஆனால் பெட்டியை இழுக்க வேண்டாம். நீராவி பாய்ந்து சுருக்கம் தானாகப் போய்விடும். முதல் நாள் புருஷன் நாற்பது சட்டை போட்டுவிட்டு நிமிர்ந்து நின்று, "வலிக்கல" என்றான். அந்த ஒற்றை வார்த்தையைக் கேட்டு அவள் டிரம்மின் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் செய்ததில் தப்பிருப்பதாக யார் சொல்லியிருந்தாலும் வெளுத்து வாங்கியிருப்பாள்.

நாலு மாசம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை, மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தபோது, விடுதிச் சமையல்காரர் வந்தார். செவ்வாய்தோறும் ஒரு மூட்டை மேலங்கி கொண்டுவருவார். அறுபது வயசு, கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. எட்டுப் பேரில் அவரும் ஒருவர். மூட்டையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா. சும்மா கேட்டு வெக்கலாம்னு. என் முறை எப்ப வரும்?"

"நீங்க எட்டுப் பேரைச் சேத்தீங்களா அண்ணே?"

"எனக்கு எங்கம்மா எட்டுப் பேரு? என் போன்ல மொத்தமே அஞ்சு நம்பர். விடுதி வார்டன், காஸ் கடை, காய் கடை, நீங்க, அப்புறம் என் பொண்ணு. வார்டன்கிட்டச் சொன்னேன், சிரிச்சான். காஸ்காரன் என்னையே சேரச் சொல்றான், அவன் வேற வட்டமாம். காய்க்காரம்மா இப்பல்லாம் என்னப் பாத்தா உள்ள போயிடுது."

"பொண்ணு?"

அவர் ஒரு மேலங்கியை எடுத்து மடித்தார். அழுக்குத் துணி, மடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"மூணு வருஷமா பேச்சு இல்லம்மா. தப்பு என் மேலதான். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாமயே இருந்தேன். உங்க செய்தி வந்துச்சா, சரி, நல்ல சேதிதானே, இத அனுப்பியாவது பேச்ச ஆரம்பிப்போம்னு அனுப்பினேன். 'மூணு வருஷம் கழிச்சு இதுக்குத்தானாப்பா'ன்னு ஒரு வரி வந்துச்சு. அதோட என்னை பிளாக் பண்ணிட்டா."

லாண்டரியக்கா கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

"நீங்க ஏண்ணே ஒரு வார்த்தை விசாரிக்காம போட்டீங்க?"

"உங்க நம்பர்ல இருந்து வந்துச்சே. இதுல விசாரிக்க என்னம்மா இருக்கு?"

அவர் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் தேவலை. "அடுத்த மாசம் விடுதிக்கு லீவு விட்டுடுவான், ரெண்டு மாசம் சம்பளம் கிடையாது, அதுக்கு வெச்சிருந்த காசு, அதான் கேட்டேன்" என்று ஏதோ தான் தொந்தரவு கொடுத்துவிட்டது மாதிரி சொல்லிவிட்டு, மழையில் இறங்கிப் போனார்.

அன்று மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, துணிச்சீட்டு டப்பாவை எடுத்து இஸ்திரி மேசையில் கவிழ்த்தாள். ஒரு சீட்டை மேலே வைத்தாள். அது அவள். அதன் கீழே எட்டு வைத்தாள். அவர்கள் சமையல்காரரும் மற்ற ஏழு பேரும். அந்த எட்டுப் பேருக்கும் பணம் வர வேண்டுமென்றால் ஆளுக்கு எட்டு. அறுபத்துநாலு சீட்டு வைத்தபோது மேசையில் பாதி நிறைந்துவிட்டது. இந்த அறுபத்துநாலு பேருக்கு வர வேண்டுமென்றால்? வைத்துக்கொண்டே போனாள். டப்பாவில் ஐந்நூறு சீட்டு. வரிசை முடியும் முன்னே டப்பா காலி. அதற்கடுத்த வரிசைக்கு நாலாயிரத்துச் சொச்சம் வேண்டும்.

புருஷன் பக்கத்தில் வந்து பார்த்தான்.

"என்ன இது?"

"ஊருல துணி உடுத்தற ஆளே அவ்வளவு பேரு இருக்க மாட்டாங்க போலிருக்குங்க."

அவளுக்குக் கணக்கு ஒன்றும் புதிதில்லை. தினம் சீட்டெண்ணுகிறவள். முதல் நாளே எண்ணியிருக்கலாம். எண்ணினால் மெஷின் வராது என்று உள்ளுக்குள் தெரிந்துதான் எண்ணாமல் இருந்தாள். கடைசி வரிசையில் யார் நிற்கிறார்களோ அவர்கள் பணம்தான் மேலே இருக்கிறவர்களுக்கு வருகிறது; கடைசி வரிசைதான் எப்போதும் பெரிசு. இதைப் பார்க்க ஒரு டப்பா சீட்டுப் போதுமாக இருந்தது. அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்தில் மேசையை ஒரே தள்ளாகத் தள்ளினாள். அப்புறம் குனிந்து ஐந்நூறு சீட்டையும் அவளேதான் பொறுக்கினாள்.

இரண்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை காலைத் தேநீரோடு சொன்னாள்.

"மெஷினை வித்துடலாங்க."

புருஷன் ரொட்டியைக் கீழே வைத்தான்.

"அவங்களா குடுத்ததுதானே. அன்பளிப்புன்னுதானே குடுத்தாங்க."

"நாமதான் கேட்டோம். நம்ம நம்பர்ல."

"சேந்தவங்க எல்லாம் பெரியவங்கதான். விவரம் தெரியாத பிள்ளைங்களா?"

"விவரம் தெரிஞ்சவங்கதான். எனக்கு விவரம் தெரியும்னு நெனச்சு சேந்தாங்க."

அவன் வலது தோளைத் தடவிக்கொண்டான். வெளியே கம்பியிலிருந்து சொட்டுகிற சத்தம்.

"என் தோளைப் பத்தி யோசிச்சியா?"

"யோசிச்சேன். அதனாலதான் ரெண்டு நாளா சொல்லல. இன்னிக்கும் யோசிச்சிக்கிட்டுதான் சொல்றேன். உங்களுக்கு வலிக்கும். எனக்குத் தெரியும். ஆனா செவ்வாக்கிழமை அந்த மனுஷன் மூட்டையைத் தூக்கிட்டு வருவாரு. அவர் மொகத்தைப் பாத்து எண்ணி எண்ணி மேலங்கி வாங்க என்னால முடியாது."

"தங்கச்சி சும்மா விட மாட்டா."

"அவ வரட்டும்."

அவன் எழுந்து போனான். போய் மெஷினின் குழாயைக் கழற்ற ஆரம்பித்தான். இடது கையாலேயே கழற்றினான். உதவிக்குப் போனவளை, "நீ துணியப் பாரு" என்றான். கோபமா, சம்மதமா என்று அந்த முதுகைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை ஒரு ஓட்டல்காரன் வந்து வாங்கின விலையில் ஏழாயிரம் குறைத்துக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனான். குறைந்ததற்கு வீட்டில் வைத்திருந்த பணம் போயிற்று.

இதற்குள் நாத்தனாரிடமிருந்து வேறு ஒரு அழைப்பு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆன்லைன் வகுப்பு. தலைப்பு, 'வட்டத்தை ஆன்லைனில் கொண்டுபோகும்போது செய்யக் கூடாத தப்புகள்'. நூறு பேருக்கு மேல் வருவார்களாம். மூன்றே வாரத்தில் வட்டம் முடித்தவள் என்று லாண்டரியக்காதான் அன்றைக்கு விசேஷ விருந்தாளி.

"பத்து நிமிஷம் பேசுங்க அண்ணி போதும். நல்ல புடவை கட்டிக்கோங்க. பின்னால அந்த மெஷின் தெரியற மாதிரி உக்காருங்க."

"பேசறேன்" என்றாள் லாண்டரியக்கா.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி மேசையின் முன்னால் உட்கார்ந்தாள். தினம் கட்டுகிற புடவைதான். பின்னால் மெஷின் இருந்த இடத்தில் தரையில் அதன் கால் பதிந்த நாலு துருக்கறை வட்டம். போன் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். சிலர் சமையலறையிலிருந்து, சிலர் பஸ்ஸிலிருந்து. ஒருத்தி குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டே குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் லாண்டரியக்காவுக்கு குறிப்பெடுக்க வந்திருக்கிறாளே என்று இருந்தது.

நாத்தனார் அறிமுகத்தில் அவளை வானளாவப் புகழ்ந்துவிட்டு, "இப்ப எங்க அண்ணியே சொல்வாங்க, என்னென்ன தப்பு செய்யக் கூடாதுன்னு" என்று விட்டாள்.

"வணக்கம். நான் செஞ்ச தப்பச் சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். "எனக்கு லாண்டரிக் கடை. துணி ரெடியானா செய்தி அனுப்புவேன். அந்த நம்பர்ல இருந்து வட்டத்தைப் பத்தி அனுப்பினேன். அது முதல் தப்பு. ஜனங்க நம்பினது வட்டத்தை இல்ல, என்னை. பணம்னு சொல்லாம அன்பளிப்புன்னு எழுதினேன். அது அடுத்தது. நீங்க யாராவது வருஷத்துல ஒரு நாள் ஐயாயிரம் ரூபா அன்பளிப்பு யாருக்காவது குடுத்திருக்கீங்களா? இதுக்கு முன்னால நான் குடுத்ததில்ல."

நாத்தனாரின் கட்டத்தில் புன்னகை அப்படியே நின்றுபோயிருந்தது.

"கேள்வி கேக்கறவங்கள விட்டுட்டேன். அவங்ககிட்டதான் நான் உக்காந்து பேசியிருக்கணும். எங்க கடையில துணிக்குக் குத்தற சீட்டு ஐந்நூறு இருக்கு. அத வெச்சு எண்ணிப் பாத்தேன். எனக்குக் கீழ மூணாவது வரிசைக்கே பத்தல. உங்க வீட்டுல எதாவது எண்ணற சாமான் இருந்தா வெச்சுப் பாருங்க. ஒண்ணு, எட்டு, அறுபத்திநாலு. அங்க பால் குடுத்துட்டு உக்காந்திருக்கற பொண்ணு, நீ இன்னும் பணம் போடலன்னா போடாதம்மா. எனக்குக் குடுத்த எட்டுப் பேருக்கும் நான் நாளைக்குத் திருப்பிக் குடுக்கறேன். மெஷின வித்துட்டேன். பின்னால..."

அதற்குமேல் அவள் குரல் போகவில்லை. நாத்தனார் அவள் பக்கத்து மைக்கை அடைத்துவிட்டாள். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. தெரிந்தும் அவள் முடிக்கிற வரைக்கும் பேசினாள். அந்தப் பால் கொடுக்கிற பெண் பேனாவை மூடி வைத்ததைப் பார்த்த பிறகுதான் போனை வைத்தாள்.

வைத்த கையோடு கடை நம்பரை எடுத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் எழுதினாள். 'நான் அனுப்பின அன்பளிப்பு வட்டம் தப்பு. யாரும் பணம் போட வேண்டாம். எனக்குக் கொடுத்தவர்கள் நாளை வந்து வாங்கிக்கொள்ளவும். வேறு யாருக்காவது என் செய்தியைக் காட்டிச் சேர்த்திருந்தால் அவர்களை என்னிடம் அனுப்பவும். நான் பதில் சொல்கிறேன்.' புருஷன் தோளுக்குமேல் எட்டிப் படித்தான். "அனுப்பு" என்றான்.

திங்கட்கிழமை விடிந்ததும் வந்தார்கள். பஸ் கண்டக்டர் வாங்கிக்கொண்டு சிரித்தார். "எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றார். கண்ணாடிக் கடைக்காரர் மனைவி பணத்தை வாங்கிக்கொண்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் வீட்டுப் படுக்கை விரிப்பையெல்லாம் ஈரத்தோடு மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனாள். லாண்டரியக்கா மூட்டை கட்ட உதவினாள். நர்ஸம்மா மட்டும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

"நான் மூணு பேரைச் சேத்துட்டேன்க்கா. அவங்க குடுத்தத நான் செலவு பண்ணிட்டேன்."

"இத வெச்சு ஒருத்தருக்குக் குடு. மத்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. நான் உன்கூட நின்னு சொல்றேன்."

சமையல்காரரைத் தேடி அவளே விடுதிக்குப் போனாள். அடுப்படியில் ஆளுயரப் பாத்திரத்தில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. பணத்தை வாங்கி எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டார். அவள் அவருடைய மகளின் நம்பரைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று தன் போனிலிருந்து எழுதினாள். அந்தச் செய்தியை எழுதினது நான், உங்கப்பா இல்லை, அவருக்கு உன்னிடம் பேச ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்று. பதில் வரவில்லை. பருப்பு இறக்குகிற வரைக்கும் இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாத்திருக்கால்ல, அது போதும்மா" என்றார் அவர். போதாது என்று அவளுக்குத் தெரியும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, இதற்கு எதை விற்று எதைத் திருப்பிக் கொடுப்பது?

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. புருஷன் பழைய பெட்டியை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நாலு சட்டைக்கு ஒரு தடவை நின்று கையை உதறினான். அப்போதுதான் நாத்தனார் வந்தாள். குடை இல்லை. கண் மை கன்னம் வரை வழிந்திருந்தது.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அண்ணி."

"துண்டு அங்க இருக்கு. தலையத் துடை."

"நேத்துல இருந்து போன் நிக்கல. எல்லாரும் பணத்தக் கேக்கறாங்க. வீட்டு வாசல்ல வந்து நிக்கறாங்க. நீங்க வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா இன்னும் ஆறு மாசம் ஓடியிருக்கும்."

"ஆறு மாசம் கழிச்சு?"

புருஷன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். தங்கையைப் பார்த்தான். ஒரு முக்காலியை அவள் பக்கம் காலால் நகர்த்தினான். அதில் உட்கார்ந்த பிறகுதான் மைக்செட்டுக்கு அழுகை வந்தது.

"எனக்கு மேல இருந்தவன் குரூப்பையே கலைச்சுட்டுப் போயிட்டான் அண்ணி. அவன் மொகத்தக்கூட நான் பாத்ததில்ல. குரல் மட்டும்தான். ஏழு வட்டம் முடிச்சிருக்கேன். ஏழெட்டு அம்பத்தாறு பேரு. நான் எங்க போவேன்? கையில பாதிகூட இல்ல."

லாண்டரியக்காவுக்கு அவளை நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பலகைக்கடியிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள். பின்பக்க வெற்றுத் தாளைப் பிரித்து, ஒன்றிலிருந்து ஐம்பத்தாறு வரை எண் போட்டாள். போட்டு முடிக்கிற வரை நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அண்ணி?"

"யாருக்கு முதல்ல குடுக்கணும்னு பாக்க வேணாமா? இருக்கறத வெச்சு ஆரம்பி. மீதிக்கு நாளைல இருந்து காலைல ஏழு மணிக்கு இங்க வந்து நில்லு. உங்கண்ணனால முழுசாப் போட முடியாது. எனக்கு ஒரு ஆள் வேணும், உனக்கு ஒரு வேலை வேணும். எத்தன வருஷம் ஆனாலும் ஆகட்டும்."

"எனக்கு இஸ்திரி போடத் தெரியாது அண்ணி."

"தெரிஞ்சுக்குவ. அம்பத்தாறு பேர்கிட்டப் பேசத் தெரிஞ்சவளுக்கு இது என்ன? பேரச் சொல்லு. முதல்ல யாரு?"

நாத்தனார் தாளைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், கடைசியாக இவளைப் பார்த்தாள்.

"நீங்கதான் அண்ணி."

லாண்டரியக்காவின் பேனா நின்றது. இத்தனை நாளில் எட்டுப் பேரின் முகத்தையும் தினம் நினைத்தவளுக்கு, தானும் ஒருத்தியின் முதல் ஆளாக இருந்தது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. தன்னையும் ஒருத்தி ஏமாற்றியிருக்கிறாள், அவள் ஈரத் தலையோடு எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் விரலால் எண்களைத் தொட்டுக்கொண்டே தாளின் அடிவரை இறங்கினாள். ஐம்பத்தாறாம் எண்ணுக்கு எதிரே தன் பேரை எழுதினாள். பிறகு பேனாவை மேலே கொண்டுபோய் ஒன்றாம் எண்ணில் வைத்தாள்.

"ம். அடுத்தவங்க யாரு?"